பச்சைக் கல்லிலிருந்து மஞ்சள் கல் வரை: கடலூர் – நெய்வேலி – சின்னசேலம் சாலை

கடலூரில் தொடங்கி குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம், விருத்தாசலம், வேப்பூர் வழியாகச் சின்னசேலம் போய்ச் சேரும் சாலை, நீண்ட காலம் தமிழ்நாட்டு மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் 10-ஆம் எண்ணாக இருந்தது. இப்போது அதன் எண் தேசிய நெடுஞ்சாலை 532. கடற்கரையை ஒட்டி வரும் 32-ஆம் எண் சாலையைக் கடலூரிலும், விக்கிரவாண்டி – தஞ்சாவூர்ச் சாலையான 36-ஐ வடலூரிலும், திருச்சி போகும் 38-ஐ வேப்பூரிலும், சேலம் – உளுந்தூர்ப்பேட்டைச் சாலையான 79-ஐச் சின்னசேலத்திலும் அது தொடுகிறது. அந்த நான்கும் சென்னையையோ சேலத்தையோ நோக்கி ஓடுபவை. அவற்றைக் குறுக்கே கோத்துக்கொண்டு கடலிலிருந்து மேற்கே ஏறுவதுதான் இந்தச் சாலையின் வேலை.

ஊர்க்காரர்கள் எண்ணைச் சொல்வதில்லை. கடலூரில் நிற்பவருக்கு இது விருத்தாசலம் ரோடு, விருத்தாசலத்தில் நிற்பவருக்குக் கடலூர் ரோடு. எண் மாறியதைச் சாலைக்காரர்கள் கண்டது கிலோமீட்டர் கல்லில். மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலையில் பச்சை வண்ணம், தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள். பச்சை போய் மஞ்சள் வந்தபோது அளவுப் புத்தகம் மாறியது, மதிப்பீடு போகும் அலுவலகம் மாறியது. அடியில் இருக்கும் மண் மாறவில்லை. இந்தச் சாலையில் பராமரிப்பு வேலை பார்த்தவர்கள் அதை ஊர் வாரியாகப் பிரிப்பதைவிட மண் வாரியாகப் பிரிப்பதே வழக்கம்: கடலோர மணல், செம்மண் மேடு, சுரங்கப் பகுதி, கரிசல். எந்த இடத்தில் எந்தக் குழி எந்த மாதத்தில் விழும் என்பது இந்தப் பிரிவிலேயே அடங்கிவிடுகிறது.

சாலையின் வயது அதன் எண்ணைவிட மிக அதிகம். கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் வாங்கியது. 1746 முதல் 1752 வரை சென்னை மாகாணத்தின் தலைமையிடமே அதுதான். அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் படையும் தளவாடமும் போன வழியில் விருத்தாசலம் ஒரு தங்குமிடம். கோயிலின் உயர்ந்த மதிலுக்குள் கம்பெனி ஒரு காவற்படையை வைத்திருந்தது. 1751-இல் அதைப் பாளையக்காரர்கள் முற்றுகையிட்டபோது, கோட்டையிலிருந்து சென்ற படையோடு கம்பெனி அதிகாரிகளான பிகாட்டும் ராபர்ட் கிளைவும் போனார்கள். முற்றுகை விலகியது. சிறு துணையோடு திரும்பி வந்த இருவரையும் வழியில் பாளையக்காரர்கள் தாக்க, குதிரை வேகத்தால் மட்டும் தப்பினார்கள். அன்றைய தடமும் இன்றைய தார்ச்சாலையும் அடிக்கு அடி ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடலூர் – விருத்தாசலம் என்ற திசை அப்போதே உறுதியாகிவிட்டது.

கப்பி போட்ட சாலையாக அது நெடுங்காலம் மாவட்ட வாரியத்தின் கையில் இருந்தது. 1943 டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் மாநாடுதான் தேசிய, மாநில, மாவட்ட, கிராமச் சாலை என்ற பிரிவினையை நாடு முழுமைக்கும் வகுத்தது. சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையானது 1946-இல். தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் இரண்டாகப் பிரிந்தபோது சாலையின் பெரும்பகுதி கடலூர் மாவட்டத்துக்கு வந்தது. மேற்கு முனையான சின்னசேலம் விழுப்புரத்தில் இருந்து, 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போனது. மாவட்ட எல்லையில் ஒரு பக்கம் புதுத் தார், மறுபக்கம் பழைய ஒட்டு என்று நின்ற காலமும் உண்டு. பயணி அதைச் சக்கரத்தின் ஓசையிலேயே தெரிந்துகொள்வார்.

கடலூரை விட்டு மேற்கே திரும்பினால் மணல் சீக்கிரமே முடிந்து செம்மண் மேடு தொடங்குகிறது. கேப்பர் மலை என்று ஊரார் அழைக்கும் மேடும் இதே மண்தான். நிலவியலாளர்கள் இதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முந்திரிக்கும் பலாவுக்கும் ஏற்ற மண். சாலைக்கும் நல்ல மண்தான், ஒரு நிபந்தனையோடு. இந்தச் செம்மண் கிராவலைத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் கெட்டியாக அமர்ந்துவிடும். அடித்தளத்துக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. ஆனால் தாருக்கு வெளியே உள்ள மண் ஓரமான பெர்மைத் திறந்து போட்டால் இரண்டு மழையில் அரித்துத் தாரின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும் இருசக்கர வாகனம் சரிவது அந்த விளிம்பில்தான். விபத்துப் பதிவேட்டில் இது பெரும்பாலும் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதப்படும். விளிம்பின் உயரத்தை அளந்து எழுதியவர்கள் குறைவு.

ஜல்லி இந்த மண்ணில் கிடையாது. கெட்டிக் கருங்கல் விருத்தாசலத்துக்கு மேற்கேயும் விழுப்புரம் பக்கமும்தான். அதனால் கிழக்குப் பகுதி வேலைகளில் ஜல்லியின் விலையைவிட அதை ஏற்றி வரும் வண்டிக் கூலியே மதிப்பீட்டை நிர்ணயித்தது. தார் முன்பெல்லாம் பீப்பாயில் வரும். சாலையோரத்தில் விறகு மூட்டி உருக்கி, துளையிட்ட வாளியில் மொண்டு ஊற்றி, மேலே பொடி ஜல்லி தூவுவார்கள். கை, கால் சுடாத ஆளே அந்தக் கும்பலில் இருக்க மாட்டார். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெண்களும் அந்த வேலையைச் செய்தார்கள். ஹாட் மிக்ஸ் ஆலையும் பேவர் இயந்திரமும் வந்த பிறகு அந்தப் புகை ஓய்ந்தது. அதோடு, ஒரு குழியைப் பார்த்த அன்றே அடைக்கும் பழக்கமும் ஓய்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆலை ஓடும் நாளுக்காகக் குழிகள் காத்திருக்கத் தொடங்கின.

குள்ளஞ்சாவடிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் இடையே சாலை தாழ்கிறது. தெற்கே பரவனாறும் பெருமாள் ஏரியும். குறிஞ்சிப்பாடி கைத்தறி லுங்கிக்குப் பேர் போன ஊர். கடைவீதியும் தறிவீடுகளும் சாலையை நெருக்கிக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பகுதியின் பிரச்சினை மழையின் அளவு மட்டுமல்ல, அந்தத் தண்ணீர் சாலையைத் தாண்டிக் கடலுக்குப் போக எத்தனை பாலக் கண்கள் திறந்திருக்கின்றன என்பதுதான். சிறுபாலங்களை அன்றைய வயல் பரப்புக்கும் ஏரி மிகைநீருக்கும் கணக்குப் பார்த்துக் கட்டினார்கள். வயல் மனையானதும் தண்ணீர் ஊறி நிற்க இடமின்றி ஒரே மூச்சில் ஓடி வருகிறது, பாலத்தின் கண்ணோ பழைய அளவிலேயே இருக்கிறது. போதாக்குறைக்குக் கடைக்காரர் போட்ட சிமென்ட் சிலாப் வாயை மூடியிருக்கும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் சிறுபாலங்களின் அளவைப் பற்றிய பேச்சு அலுவலக அறையைத் தாண்டி வெளியே வந்தது.

தார் தடிமன் இன்னொரு தொல்லை. பழைய தளத்தைச் சுரண்டாமல் தோசைமேல் தோசையாகப் புதுத் தளம் போட்டுக்கொண்டே போனதால் ஊருக்குள் சாலை உயர்ந்தது, வீட்டு வாசல்கள் பள்ளமாயின. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தை அகற்றிவிட்டே புதிய தளம் போட வேண்டும் என்று அனுப்பிய உத்தரவு, சாலைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் ஒரே சமயத்தில் வரவேற்ற அபூர்வமான உத்தரவுகளில் ஒன்று.

வடலூர் நான்குமுனைச் சந்திப்பு. கடலூர், பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் என்று நான்கு பக்கத்துக்கும் பேருந்து பிரியும் இடம். இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்பும், 1872 சனவரி 25 அன்று திறந்த சத்திய ஞான சபையும் இந்த ஊரைச் சாலை வரைபடத்தில் தனியாகக் குறிக்க வைத்தன. தைப்பூசத்தில் ஏழு திரை நீக்கிக் காட்டும் சோதி தரிசனத்துக்கு வரும் கூட்டத்தால் நான்கு சாலைகளிலும் வண்டிகள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்படும். சாலைத்துறைக்கு அது தேர்வு நாள். பூசத்துக்கு முந்தைய வாரங்களில் குழி அடைத்து, பெர்மில் செம்மண் கொட்டி, கோடு போட்டு முடித்திருக்க வேண்டும். மற்ற ஊர்களில் மார்ச் மாதம் நிதியாண்டுக் கடைசியில் வேகம் பிடிக்கும் வேலை, வடலூரில் தை மாதத்திலேயே முடிந்துவிடும்.

வடக்கு – தெற்காகப் போகும் 36-ஆம் எண் சாலை, பழைய 45சி, இந்தச் சந்திப்பில் குறுக்கிடுகிறது. வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் பெருங்குழாய் சேத்தியாத்தோப்பிலிருந்து இந்தப் பக்கமாகவே வருகிறது. நெய்வேலி நகரியத்தை ஒட்டிய வடக்குத்தில், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தாண்டி அது வடக்கே போகிறது. 2004-இல் நிறைவேறிய திட்டம் அது. சாலையோரம் பெரிய குழாய் புதைத்த இடங்களில் மீண்டும் நிரப்பிய மண் இறுகச் சில மழைக்காலங்கள் ஆகும் என்பது சாலைக்காரர்களுக்குத் தெரிந்த பாடம். அவசரப்பட்டு மேலே தார் போட்டால் நீளவாக்கில் ஒரு பள்ளம் தானே உருவாகும். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழி வேலை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மற்ற இரண்டும் நகர்ந்த பிறகும் விக்கிரவாண்டி – சேத்தியாத்தோப்புப் பகுதியான 66 கிலோமீட்டர் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த ஆண்டுகளில் நெய்வேலி ஆர்ச் கேட் வழியே போக வேண்டிய பல வண்டிகள் விருத்தாசலம் பக்கம் திரும்பின. அவற்றின் பளு இந்தப் பழைய சாலையின் முதுகில் ஏறியது.

வடலூருக்கு மேற்கே சுரங்கப் பகுதி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்ததுதான் நெய்வேலிக் கதையின் தொடக்கம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்திலிருந்து 1962-இல் மின்சாரம் வந்தது. நகரியத்தின் வட்டங்களும் நிழல் மரங்கள் நிறைந்த இரட்டைச் சாலைகளும் நிறுவனத்தின் சொந்தப் பராமரிப்பில் இருப்பவை. நெடுஞ்சாலைத் துறையின் கை அங்கே நீளாது. நகரியத்தின் வளைவைத் தாண்டி வெளியே வந்ததும் சாலையின் தரம் மாறுவது எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் உள்ளே ஓடுவது கார், ஸ்கூட்டர், பள்ளிப் பேருந்து. வெளியே ஓடுவது பன்னிரண்டு சக்கர லாரி. இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

மந்தாரக்குப்பம் நகரியத்தின் திட்ட வரைபடத்தில் பிறந்த ஊர் அல்ல, சாலையோரம் தானாக வளர்ந்த கடைவீதி. ஷிப்ட் மாறும் வேளையில் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் இருசக்கர வாகனங்கள் சாலையை நிறைத்துவிடும். அந்த நேரத்தில் பேட்ச் வேலைக்கு ரோலரை இறக்கும் சாலை ஆய்வாளர் அந்த வட்டாரத்துக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள், நிலக்கரி லாரிகள்தான் இந்தச் சாலையைக் கெடுக்கின்றன என்று நினைப்பார்கள். உண்மை சற்று வேறு. சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி பெரும்பாலும் கன்வேயர் பெல்ட்டில் போகிறது. வெளி விற்பனைக்குப் போகும் நிலக்கரி சாலைக்கு வரும். அதைவிடக் கவனிக்க வேண்டியது எரிந்தபின் மிஞ்சும் சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்தியாக வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-இல் விதித்தது. சாம்பலைப் பயன்படுத்த வேண்டிய வட்டாரம் முதலில் 50 கிலோமீட்டர், 2003-இல் 100, 2016-இல் 300 என்று விரிந்தது. வட்டாரம் விரிய விரிய, சாம்பல் ஏற்றிய மூடிய டாங்கர்களும் டிப்பர்களும் போகும் தூரமும் கூடியது. நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் பட்டால் தானே இறுகும். அதனால் செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் நல்ல கிராக்கி. சாலை மேடு கட்டவும் அது உதவும், இந்தியச் சாலைப் பேரவை அதற்குத் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. அதே சாம்பல் தார்ப்பாய் சரியாகக் கட்டாத வண்டியிலிருந்து சாலையில் சிந்தினால் வெயிலில் புழுதி, முதல் தூறலில் வழுக்கல்.

பளுவின் கணக்கைச் சாலைக்காரர்கள் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் வட்டச் சாலைகள் அமைத்து, பகலும் இரவும் லாரிகளை ஓட்டித் தேய்மானத்தை அளந்தார்கள். ஓர் அச்சின் பளு கூடும்போது சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அதன் முடிவு. இந்தியாவில் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் அச்சுப் பளு 8.16 டன். சட்டம் அனுமதித்த 10.2 டன் அச்சு, அதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு சேதம் செய்யும். 2018-இல் அந்த வரம்பு 11.5 டன் ஆனது. இப்போது சேதம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இது சட்டத்துக்கு உட்பட்ட வண்டியின் கணக்கு. வரம்பு கூடியதால் லாரி உரிமையாளருக்கு ஒரு நடை மிச்சமானது. அந்த மிச்சம் பராமரிப்பு மதிப்பீட்டில் செலவாக எழுதப்பட்டது. பத்தாண்டுக்கு என்று போட்ட தளம் நான்கைந்து ஆண்டில் சக்கரத் தடத்தில் அமுங்கிப் போவதற்கு ஒப்பந்ததாரரை மட்டும் குற்றம் சொல்வது எளிது, ஆனால் பாதி உண்மைதான்.

சுரங்கம் சாலைக்குச் செய்யும் இன்னொரு காரியம் தண்ணீரில். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைக்காவிட்டால் சுரங்கத் தரையே வெடித்து எழும். அகற்றிய மண் மலை போல் குவிகிறது, இறைத்த நீர் வாய்க்கால்களில் ஓடுகிறது. இரண்டும் நிலத்தின் பழைய வடிகால் திசையை மாற்றிவிடுகின்றன. சுரங்க நீர் வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றுக்கும் போய்ப் பெருமாள் ஏரியில் சேர்கிறது. கோடையிலும் தண்ணீர் பார்க்கும் வயல்கள் இதனால் உண்டு. அடைமழையில் மண்மேட்டிலிருந்து கரைந்து வரும் சேறு சிறுபாலங்களை அடைப்பதும் இதனால்தான். இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டிய வேலை 2023 சூலையில் வளையமாதேவி வயல்களில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்ததை நாடறியும். ஆற்றின் தடம் மாறும் வட்டாரத்தில், சாலையின் சிறுபாலம் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வரைபடத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது.

ஊ. மங்கலத்தைத் தாண்டி, கடலூர் – விருத்தாசலம் ரயில் பாதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாலை விருத்தாசலம் சேர்கிறது. கடலூரிலிருந்து இதுவரை சுமார் 60 கிலோமீட்டர். மணிமுக்தாற்றங்கரைக் கோயில், ரயில் சந்திப்பு, பீங்கான் தொழிற்பேட்டை, நெல்லும் உளுந்தும் மலையாகக் குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று ஊரே ஒரு சந்தை.

இந்தச் சாலையைக் காத்த ஆட்களைப் பற்றிச் சொல்ல இதுவே இடம். மைல்கூலி என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்டவர், பின்னால் சாலைப் பணியாளர். மண்வெட்டி, கூடை, அரிவாளோடு தன் தூரத்தைத் தினமும் நடப்பார். பெர்மில் புல் செதுக்குவது, மழை நாளில் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு சாண் வாய்க்கால் கீறி விடுவது, சிறுபாலத்தின் வாயில் சிக்கிய குப்பையை இழுத்துப் போடுவது, புளிய மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடிப்பது எல்லாம் அவர் வேலை. அந்தப் புளிய மரங்களின் காய்ப்பைத் துறையே ஏலம் விட்டு வருமானம் பார்த்தது. 1997-இல் தமிழகம் முழுவதும் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2002 செப்டம்பரில் அத்தனை பேரும் நீக்கப்பட்டு, 2006-இல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். இடைப்பட்ட 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்பது அவர்கள் சங்கம் நீண்ட காலம் எழுப்பிவந்த கோரிக்கை. ஒரு சாண் வாய்க்காலை யாரும் கீறாத அந்த 41 மாதத்தில் சாலைகளுக்கு என்ன ஆயிற்று என்று தனியாக யாரும் கணக்குப் போட்டதில்லை. போட்டிருந்தால் சம்பளம் மிச்சமானதா, நஷ்டமானதா என்பது தெரிந்திருக்கும்.

விருத்தாசலத்துக்கு மேற்கே கரிசல். வேப்பூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வேப்பூர் வட தமிழகம் முழுக்கப் பிரசித்தம். சின்னசேலத்தை நெருங்கினால் மரவள்ளியும் சேகோ ஆலைகளும். அறுவடை மாதங்களில் எள்ளையும் உளுந்தையும் கம்பையும் தார்மேல் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிச் சக்கரமே தாம்பு. களம் கட்டிக் கொடுத்தால் இது குறையும். அபராதம் போட்டுக் குறைந்ததில்லை.

கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே எவ்வளவு ஜல்லி போட்டாலும் அடிமண் அசைந்தால் தளம் அலையலையாகும். கிழக்கே அரிப்பைப் பார்த்துப் பழகிய கண் இங்கே புடைப்பைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு கலந்து அடிமண்ணைப் பக்குவப்படுத்துவது, வெளியிலிருந்து கிராவல் கொண்டுவந்து போதுமான தடிமனுக்கு மெத்தை போடுவது, பெர்மை அகலமாக மூடித் தண்ணீர் பக்கவாட்டில் இறங்காமல் தடுப்பது என்று வழிகள் தெரிந்தவைதான். நெய்வேலிக்கு அருகிலேயே கிடைக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள சாம்பல் இந்தக் கரிசலுக்கு மருந்தாகும் பொருள். சாம்பல் டாங்கர்களே போகும் சாலைக்கு, அடித்தளத்தில் அந்தச் சாம்பலை முறையாகப் பயன்படுத்த இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது.

இரண்டு வழியும் கெட்டியிட்ட ஓரமுமாகச் சாலையை அகலப்படுத்தும் வேலைகளில் புளிய மரங்கள் பல போய்விட்டன. அகலம் வந்தது, வேகம் வந்தது. ஆனால் மதிப்பீடுகளில் இன்னமும் தார் தடிமனுக்கு ஒதுங்கும் பணத்தோடு ஒப்பிட்டால், பக்க வாய்க்காலுக்கும் சிறுபாலங்களைத் தூர்வாருவதற்கும் ஒதுங்குவது சொற்பம். இந்தச் சாலையில் செம்மண்ணானாலும் சுரங்க மண்ணானாலும் கரிசலானாலும் தளத்தைக் கெடுப்பது முதலில் தண்ணீர், பிறகுதான் லாரி. மஞ்சள் கல் வந்த பிறகாவது ஒதுக்கீட்டின் வரிசை அப்படி மாற வேண்டும்.